மதலேனாளின் வரவு

எங்கள் வீட்டு மனுசன் லியோன் வருடத்தில் ஒரு நாள் என் கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு பெண்ணாகிவிடுவார். மற்ற நாட்களில் கடலில் நண்டு வலை போடுகிற ஆள். உயிர்த்த ஞாயிறு பின்னேரம் எங்கள் பங்குக் கோயில் முன்றலில் கூத்து நடக்கும். அதில் மரிய மதலேனாள் இவர்தான். மீசையை மழித்து, சதங்கை கட்டி, ஆண்டவரின் காலில் வந்து விழுவதற்கு முன் ஓர் ஆட்டம் ஆடுவார் பாருங்கள், விசில் பறக்கும். பொய் சொல்லக்கூடாது, அந்தச் சேலை என்னைவிட இவருக்குத்தான் எடுப்பு.

எங்கள் கரைக்கு வேதம் கூத்து வழியாகத்தான் வந்தது. வீட்டுக்கு வீடு வேதாகமம் இருக்கிறது. சுரூபத்துக்குப் பக்கத்தில் மெழுகுதிரிப் பெட்டிகளைத் தாங்கிக்கொண்டு இருக்கும். ஆனால் கூத்துப் பாட்டு எங்கள் சின்னப் பிள்ளைகளுக்கும் பாடம். பாட்டில் இருந்தால் வேதத்திலும் இருக்கும் என்பது எங்கள் நினைப்பு. மதலேனாள் கெட்டுப்போனவள் என்பதை நாங்கள் அப்படித்தான் படித்தோம். ஒரு பெண்ணை ஏசுவதற்கு எங்கள் சனத்துக்கு வேறு தூஷணம் தேவையில்லை. "மதலேனாள்" என்று ஒரு சொல் சொன்னால் காணும்.

அந்தச் சொல் என் தங்கை யசிந்தாவின் மேல் விழுந்தது.

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள், புருஷன் இல்லாமல் ஒரு பெண்பிள்ளையோடு திரும்பி வந்தாள். கட்டினவன் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லித் தொண்டை வற்றியிருப்பேன்! ஒருவராவது காது கொடுத்தால்தானே. ஒரு நாள் மீன் சந்தையில் விலை பேசப்போய் வாய்த்தர்க்கம் முற்றியதில், மீன்காரி திரேசம்மா எல்லாருக்கும் கேட்க அந்தச் சொல்லை எறிந்தாள். அது ஒட்டிக்கொண்டது. அவளோடு நிற்கவில்லை, பிள்ளைக்கும் தாவியது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் மற்றப் பிள்ளைகள் நிதுசாவை "மதலேனாளின்ரை மகள்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல், "நான் இனிக் கோயிலுக்குப் போகமாட்டன், புதுநன்மையும் எடுக்கமாட்டன்" என்றது. முதல் நற்கருணை வாங்குகிற வயது அதற்கு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரேசம்மாவின் மீன் தட்டைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று வெளிக்கிட்டேன். யசிந்தா தடுத்தாள். அவள் ஏசவுமில்லை, அழவுமில்லை. மெழுகுதிரிப் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு வேதாகமத்தை எடுத்தாள். நண்டுக் கம்பனியில் வேலை முடிந்து வந்து, கை மணக்க மணக்க வாசித்தாள். சனிக்கிழமைகளில் பட்டணத்துக் கன்னியர் மடத்தில் நடக்கும் வேதாகம வகுப்பிலும் சேர்ந்தாள். எனக்கு இதெல்லாம் வீண் வேலையாகத்தான் பட்டது. திரேசம்மா வேதாகமத்துக்குப் பயந்தவளா என்ன?

தவக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், நான் குழம்பு கூட்டிக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாள்.

"அக்கா, அது இல்லை."

"எது?"

"மதலேனாள் கெட்டவள் எண்டு எழுதியே இல்லை. நாலு சுவிசேஷத்தையும் வரி வரியாப் பாத்திட்டன்."

"உனக்கென்ன விசரோ? உலகத்துக்கே தெரியும்!"

"உலகத்துக்குத் தெரியும். எழுதினவைக்குத் தெரியேல்லை."

அடுத்த ஞாயிறு கூத்து ஒத்திகை. எங்கள் அண்ணாவியார் யாகப்பு. கூத்தைப் பழக்குவது, பாட்டுக் கட்டுவது எல்லாம் அவர் குடும்பத்துக்கு உரியது. யசிந்தா நேரே போய் ஆட்கள் நடுவில் நின்றாள்.

"யாகப்பு அண்ணை, மதலேனாள் கெட்டவள் எண்டு வேதத்திலை எங்கை இருக்கு?"

யாகப்பு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாடினார்:

"மாதரில் கெட்டாள் மதலேனாள் – அவள்
வாசலில் நின்று வலைவிரித்தாள்!"

பாடிவிட்டு, "கேட்டியோ? வேதம்!" என்றார். நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். சத்தியமாக நானும் ஆட்டினேன்.

"அது உங்கடை பூட்டன் கட்டின பாட்டு, அண்ணை" என்றாள் யசிந்தா.

மத்தளக்காரன் சிரிப்பை அடக்க முடியாமல் மறுபக்கம் திரும்பினான்.

"சுவிசேஷத்திலை ஒரு வரி காட்டுங்கோ. சந்தை நடுவிலை நிண்டு அந்தப் பேரை நானே ஏற்கிறன். காட்டாட்டிக் கூத்தை மாத்தோணும்."

யாகப்பு "சரி, பாப்பம்" என்று எல்லாருக்கும் முன்னால் ஒத்துக்கொண்டார். ஒரு வரி எங்கேயாவது இருந்துவிட்டால்? இவளும் பிள்ளையும் இந்தக் கரையில் பிறகு தலைகாட்ட முடியுமா?

அந்தத் தவக்காலத்தில் வாசித்ததுபோல் எங்கள் சனம் ஒருநாளும் வேதம் வாசித்ததில்லை. வலை பொத்துகிற இடத்தில் வேதாகமம், தேத்தண்ணிக் கடையில் வேதாகமம். கோயிலுக்கு வராதவர்கள்கூட வரி தேடினார்கள். ஒருத்தி பிழை என்று காட்டுவதற்காக எங்கள் ஆண்கள் பட்ட பாட்டை அவர்கள் ஆன்ம இரட்சணியத்துக்குப் பட்டிருந்தால் எல்லாரும் எப்போதோ அர்ச்சிஷ்டவர் ஆகியிருப்பார்கள்.

முதலில் யாகப்பு வெற்றி முகத்தோடு எங்கள் படலையில் வந்து நின்றார். "இஞ்சை பார். உவளிலை இருந்து ஏழு பேய் போச்சுது எண்டு கிடக்கு!"

"பேய் பிடிச்ச ஒரு பொடியனை ஆண்டவர் சுகப்படுத்தினாரே. அவனையும் வேசி எண்டுவியளோ?" என்றாள் யசிந்தா.

இரண்டாம் முறை வந்தார். "ஒரு பாவியான பொம்பிளை கண்ணீராலை ஆண்டவரின்ரை காலைக் கழுவிறாள்."

"ஓம். அவளின்ரை பேர் என்ன எண்டு கிடக்கு?"

யாகப்பு விரலை வைத்துத் தேடினார். பேர் இல்லை.

"பேரைப் போட்டது நாங்கள்தான், அண்ணை."

மூன்றாம் முறை, தைலம் பூசிய மரியாளைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் பெத்தானியா ஊர்க்காரி, லாசரின் சகோதரி, வேறு மரியாள் என்று பிள்ளை நிதுசாவே சொல்லிக்கொடுத்தது. மனுசன் வேதாகமத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்று குழம்புக்குப் புளியை அளவுக்கு மிஞ்சிக் கரைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்குள்ளும் ஒரு எதிரி இருந்தார். ஆட்டம் போய்விடுமே என்ற பயத்தில் இவரும் போனில் வேதாகமத்தை இறக்கி, வள்ளத்தில் இருந்து வாசித்தார். ஒரு நாள் கரைக்கு வந்தவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"கிறிஸ்ரி, சிலுவைக்குக் கிட்ட நிண்டவள் உவள். எங்கடை ஆம்பிளையள் முக்காவாசிப்பேர் ஓடிட்டாங்கள்."

"பிறகு?"

"உயிர்த்தவரை முதல் கண்டதும் உவள்தான். போய் மற்றவைக்குச் சொல்லு எண்டு ஆண்டவர் அனுப்பினது உவளைத்தான். எங்கடை கூத்திலை அதைச் செட்டை கட்டின சம்மனசு வந்து சொல்லுது. காலிலை விழுந்ததோடை என்னை உள்ளுக்கை அனுப்பிப் போடுறாங்கள். கடைசிக் காட்சி என்ரை, கிறிஸ்ரி! இவ்வளவு காலமும் என்ரை காட்சியைக் களவெடுத்துப் போட்டாங்கள்!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் இவர் கண் கலங்கியிருந்தது. வேஷக்காரனின் கோபம் பாதி, மிச்சம் வேறு ஏதோ. அதன் பிறகு இவர் யசிந்தாவின் பக்கம்.

விஷயம் பங்குச் சுவாமி கிறிஸ்ரோபரிடம் போனது. பூசை முடிந்து எல்லாரும் நிற்க, அவர் சொன்னார்: "யசிந்தா சொல்லுறது சரி. சுவிசேஷம் எழுதி ஐந்நூறு வருசத்துக்குப் பிறகு, உரோமையிலை ஒரு பாப்பரசர் பிரசங்கத்திலை மூண்டு பொம்பிளையளையும் ஒருத்தி ஆக்கிப்போட்டார். அது அப்பிடியே பரவிச்சுது. இப்ப திருச்சபையே அவவைப் பாவி எண்டு கொண்டாடுறேல்லை. அப்போஸ்தலர்களுக்கே செய்தி கொண்டுபோனவ எண்டுதான் திருநாள் வைக்குது. உரோமை மாத்தி ஐம்பது வருசத்துக்கு மேலை."

"பின்னை ஏன் சுவாமி எங்களுக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

"கூத்திலை கை வைச்சா அடி விழும் எண்டு பயந்தனான், பிள்ளை" என்றார். முழுக் கோயிலும் சிரித்தது. யாகப்பு மட்டும் சிரிக்கவில்லை.

ஆனால் மனுசன் சொன்ன சொல் தவறாதவர். மாற்றுகிறேன் என்றார். "பாட்டு நான்தான் கட்டுவன். வேறை ஆர் கட்டினாலும் தாளம் பிசகும்." கதவைச் சாத்திக்கொண்டு இருந்து கட்டினார். ஒத்திகையில் அதைக் கேட்டதும் எங்கள் வீட்டு மனுசன் எழுந்து, "இதைப் பாட எனக்குத் தகுதி இல்லை. யசிந்தா பாடட்டும். நான் அப்போஸ்தலர் இராயப்பர் வேஷத்துக்கு வாறன்" என்றார். கடைசிக் காட்சிக்காகக் கண் கலங்கிய மனுசன்! அன்றுதான் நான் இவரைக் கட்டியது வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

யாகப்புவுக்கு முகம் கறுத்தது. எங்கள் பங்கில் பெண் மேடை ஏறியதில்லை.

"பாட்டை மாத்தினன். அது வேதம். பொம்பிளை மேடை ஏறவேணும் எண்டு எந்த வேதத்திலை கிடக்கு? உவள் ஏறினா நான் மணி அடிக்கமாட்டன்."

இது லேசான விஷயமில்லை. கூத்தில் உயிர்ப்புச் செய்தி சொல்லப்படும்போது அண்ணாவியார் மணிக்கூட்டுக் கோபுரத்துக் கீழே நின்று கோயில் மணியை அடிக்கவேண்டும். அந்த மணி கேட்டால்தான் எங்கள் சனத்துக்கு ஆண்டவர் உயிர்த்தார். மணி இல்லாவிட்டால் அது அவள் சொன்ன கதை, அவ்வளவுதான்.

உயிர்த்த ஞாயிறு வந்தது. கோயில்களில் குண்டு வெடித்த காலத்திலிருந்து நடக்கிறபடி வாசலில் பொலிஸ்காரர் பைகளைப் பார்த்து அனுப்ப, வெயில் தாழ்வதற்குள் முன்றல் நிறைந்துவிட்டது. பாடப்போவது யார் என்று தெரிந்து, கூத்துப் பார்க்க வராதவர்களும் வந்திருந்தார்கள். திரேசம்மா முன்வரிசைக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். நிதுசா உள்ளே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. நான் அதை இழுத்துக்கொண்டு போய் ஓரத்து வேப்பமரத்தடியில் நின்றேன். ஓடிவிடாமல் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

யசிந்தா வெள்ளைச் சேலையில் வந்தாள். சதங்கை இல்லை, ஆட்டம் இல்லை. பின்னாலிருந்து யாரோ ஒருவன் பழைய பழக்கத்தில் விசில் அடித்தான். அவள் அவன் பக்கம் பார்த்துக்கொண்டே தொடங்கினாள்.

"விடியுமுன் போனேன் – கல்லறை வெறுமை கண்டேன்
தோட்டத்தில் அழுதேன் – என்னைப் பெயர்சொல்லி அழைத்தார்
போய்ச்சொல் என்றார் – சொல்ல நான் ஓடிவந்தேன்
உயிரோடு நின்றார் – நம் நாதர் உயிரோடு நின்றார்!"

நண்டுக் கம்பனியில் இருந்து வருகிற என் தங்கைக்கு இந்தக் குரல் எங்கே இருந்தது? விசிலடித்தவன் வாய் மூடிவிட்டது. இராயப்பராக நின்ற இவர், பெண் பேச்சை நம்புவதா என்று பாட்டிலே கேட்டு முகத்தைத் திருப்பினார். இனி மணி அடிக்கவேண்டும்.

மணி இல்லை.

சனம் கோபுரத்தைத் திரும்பிப் பார்த்தது. யசிந்தா இரண்டாம் தரமும் பாடினாள். மணி இல்லை. திரேசம்மா பக்கத்தில் இருந்தவளுக்குக் குனிந்து ஏதோ சொன்னாள். எனக்கு உச்சியில் ஏறியது. நிதுசாவையும் இழுத்துக்கொண்டு கோபுரத்துக்கு ஓடினேன். வழியிலேயே ஏசுவதற்கு வேண்டியதெல்லாம் வாய்க்குள் அடுக்கிவிட்டேன்.

யாகப்பு இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாடை முழுக்கக் கண்ணீர்.

"அண்ணை, அடியுங்கோ!" என்று கத்தினேன்.

"சத்தம் போடாதை பிள்ளை" என்றார். "மணி அடிச்சா முடிஞ்சுபோம். என்ரை சீவியத்திலை ஒருத்தரும் என்ரை பாட்டை இப்பிடிப் பாடேல்லை. இன்னொருக்காக் கேட்டிட்டு அடிக்கிறன்."

நான் அடுக்கி வைத்திருந்த அவ்வளவும் விழுங்குப்பட்டுப் போனது.

அங்கே யசிந்தா மூன்றாம் தரம் எடுத்தாள். இந்த முறை கெஞ்சவில்லை, சந்தேகப்படவில்லை. நம்புகிறவன் நம்பு, நான் கண்டது கண்டதுதான் என்று பாடினாள். கடைசி அடிக்குப் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி குரல் கொடுத்தாள், பிறகு பத்துப் பேர், பிறகு முன்றல் முழுவதும். "உயிரோடு நின்றார்!" யாகப்பு கயிற்றை இழுத்த இழுப்பில் கால் நிலத்தை விட்டுக் கிளம்பியது. மணி ஊரைப் பிய்த்தது. கடற்கரையில் நின்ற நாய்களெல்லாம் குரைத்தன.

சனம் எழும்பி நின்றது. மேடையில் இவர் ஆட்டத்தை மறந்து யசிந்தாவுக்கு முன்னால் முழந்தாள் போட்டுவிட்டார், அது பாட்டில் இல்லாதது. திரேசம்மாவும் எழும்பினாள். அவள் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பியதையும், முந்தானையால் முகத்தை ஒற்றியதையும் நான் இந்த இரண்டு கண்ணாலும் கண்டேன். இனி அவளை மன்னிக்கலாமா என்று யோசித்தேன். இன்னும் யோசிக்கிறேன், அவசரமில்லை.

அப்போதுதான் என் கையில் பிள்ளையின் கை இல்லை என்று தெரிந்தது. நிதுசா சனத்துக்குள் புகுந்து, மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் இருந்த வாங்கில் ஏறி நின்றுகொண்டிருந்தது. மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்ததால் தொண்டை கிழியக் கத்தவேண்டி இருந்தது, கத்தியது:

"என்ரை அம்மா! மதலேனாள் என்ரை அம்மா!"