கிளெமென்ட் புல் வெட்டிய சனிக்கிழமை

மர்பி டவுன் மைதானத்துக்குப் பேட்டரி டிராக்டர் வந்து இறங்கியபோது, அதை யார் ஓட்டுவது என்று ஒருவரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டி ரிட்டையரான கிளெமென்ட் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். மூன்று வருஷமாக வீட்டில் உட்கார்ந்துகொண்டு, மனைவி நோரா குக்கர் வைப்பதில்கூடக் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். கிளப் செக்ரட்டரி ஆம்ப்ரோஸ் வந்து கேட்டதும், அவர் வாயைத் திறப்பதற்குள் நோரா சரி என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

டிராக்டர் என்றால் ஏர் உழுகிற டிராக்டர் இல்லை. ஸ்கூட்டரைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். நாலு சக்கரம், ஒரு சீட்டு, வயிற்றுக்கடியில் சுழலும் பிளேடு, பின்னால் ஓர் உருளை. முழு சார்ஜில் ஒன்றரை மணி நேரம் ஓடும், மின்விசிறி அளவுக்குத்தான் சத்தம். உருளை புல்லைப் போகும்போது ஒரு பக்கமும் வரும்போது மறுபக்கமும் சாய்த்துவிடுவதால், வெயிலில் ஒரு பட்டை வெளிறியும் அடுத்தது கரும்பச்சையாகவும் தெரியும். டிவியில் பெரிய மேட்ச் பார்க்கிறவர்களுக்கு அந்த அழகு தெரியும். ஆம்ப்ரோஸுக்கு அந்த அழகு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் ஃபுட்பால் ஃபைனல். மைதானம் தேறுமா என்று பார்க்க, சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குப் போட்டி நடத்துகிறவர்கள் வருகிறார்கள். தேறாவிட்டால் ஃபைனல் வேறு மைதானத்துக்குப் போய்விடும்.

சனிக்கிழமை பனி காய்ந்து ஒன்பது மணிக்கு கிளெமென்ட் ஏறி உட்கார்ந்தார். ஓரத்தில் முதலில் இரண்டு சுற்று. இது சரியான முறைதான், வண்டி திரும்ப இடம் கிடைக்கும். அதற்கப்புறம் ஒரு கோலிலிருந்து மறு கோலுக்கு நேராகப் போய்த் திரும்பி வர வேண்டும். மனிதர் அதைச் செய்யாமல் சுற்றிக்கொண்டே இருந்தார். மூன்றாம் சுற்று, நாலாம் சுற்று, உள்ளே உள்ளே என்று அரை மணி நேரம். நடு வட்டத்தை நெருங்கியதும் வண்டிக்கு வளைய இடமில்லாமல் போய், நட்டநடுவில் ஒரு கொத்துப் புல் மிச்சமாக நின்றது. டீ வாங்கப் போயிருந்த ஆம்ப்ரோஸ் திரும்பி வந்து பார்த்தார்.

“இன்னாய்யா, கொசுவர்த்தி சுத்தி வச்சிருக்க?”

கோல் போஸ்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் காம்பவுண்டு சுவர் நெருக்கமாக இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் ரிவர்ஸ் எடுத்தால்தான் திரும்ப முடியும், கண்டக்டர் இல்லாமல் தான் ரிவர்ஸ் எடுத்ததே கிடையாது என்று கிளெமென்ட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

பச்சைப் பொய். ஒரே ஒரு தடவை எடுத்திருக்கிறார். அந்த ஒரு தடவைதான் நாலு வருஷமாக அவர் தொண்டையில் நிற்கிறது.

ரிட்டையராக ஒரு வருஷம் இருந்தபோது நடந்தது அது. பதினோரு வருஷம் அவரோடு ஒரே வண்டியில் டிக்கெட் கிழித்த உஷாதான் அன்றைக்கும் கண்டக்டர். பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கிப் பின்னால் வருவதற்குள், பசியோடு இருந்த கிளெமென்ட் பொறுக்காமல் வண்டியைப் பின்னால் எடுத்தார். ஒரு டீக்கடைக் கூரை சரிந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விசாரணை என்று கூப்பிட்டதும் வேலை போய்விடுமோ என்று பயந்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார், போனில் பேசிக்கொண்டே கொடுத்தார் என்று சொல்லிவிட்டார். அவள் போனில் அந்த நேரத்தை ஒட்டி ஒரு அழைப்பும் இருந்தது. உஷாவுக்கு மூன்று மாதம் சஸ்பென்ஷன். கிளெமென்டுக்கு மறு வருஷம் மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம். அதற்கப்புறம் அவளை எங்கே பார்த்தாலும் இவர் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார். மன்னிப்புக் கேட்கத் துப்பில்லாத மனுஷன் என்று தன்னையே திட்டிக்கொள்வார், கேட்கமாட்டார்.

வண்டியில் இன்னும் ஒரு மணி நேரத்துச் சார்ஜ்தான் இருந்தது. திரும்பச் சார்ஜ் ஏற்ற அஞ்சு மணி நேரம் ஆகும். கிளெமென்ட் வேறு வழியில்லாமல் ரிவர்ஸைத் தொட்டார். நாலு அங்குலம் போவார், பிரேக் அடிப்பார், கழுத்தைத் திருகிப் பார்ப்பார், மறுபடி நாலு அங்குலம். ஒரு திருப்பத்துக்கே மூன்று நிமிஷம் தின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஃபைனல் ஆடப்போகிற டீம் பிராக்டிஸுக்கு வந்தது. கேப்டன் சிந்து. அவளுக்குப் பின்னால் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு அவளுடைய அம்மா உஷா.

இந்தத் தடவை ஓடி ஒளிய எதிர்ச் சாரி இல்லை. கிளெமென்ட் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். ஆம்ப்ரோஸ் சங்கதி தெரியாமல், பட்டை விழாவிட்டால் ஃபைனல் கைவிட்டுப் போய்விடும் என்று அவளிடம் புலம்பித் தீர்த்தார். உஷா கேனைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் அந்த நாலு அங்குலக் கூத்தைப் பார்த்தாள். பிறகு நேராக நடந்து வந்து சுவரோரம் நின்றாள்.

“பர்லி... பர்லி... பர்லி... ஓல்ட்!”

வரட்டும், வரட்டும், நில் என்று பஸ் ஸ்டாண்டில் அவள் கொடுக்கும் அதே குரல். கிளெமென்ட் தலையைத் திருப்பவே இல்லை. கால் தானாகக் கேட்டது. வண்டி ஒரே மூச்சில் பின்னால் வந்து, சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

அப்புறம் வேலை பறந்தது. ஒரு கோலில் திருப்பிவிட்டு அவள் மறு கோலுக்கு ஓரமாக நடப்பாள். இவர் எதிர்ச் சுவரைத் தாண்டித் தெரியும் டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் கண்ணை வைப்பார். முன் சக்கரத்தைப் பார்த்தால் வண்டி நெளியும், தூரத்தைப் பார்த்தால் நூல் பிடித்த மாதிரி போகும். முந்தின பட்டையின் ஓரத்தில் ஒரு சாண் ஏறும்படி அடுத்ததை ஓட்டுவார். திருப்பத்தில் பிளேடைத் தூக்குவார், நேரானதும் இறக்குவார். வெளிறல், கரும்பச்சை, வெளிறல், கரும்பச்சை. கொசுவர்த்தி அழிந்தது. பந்து தட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கிளெமென்டுக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. பதினோரு வருஷம் இப்படித்தான் ஓட்டினோம் என்று நினைத்தபோது கண் எரிந்தது.

கடைசிப் பட்டையில் பேட்டரி சிவப்பு காட்டியது. வண்டியை நிறுத்தி இறங்கினார். உஷா தண்ணீர்க் கேனை எடுக்கக் கிளம்பிவிட்டாள்.

“உஷாம்மா, அன்னிக்கு நீங்க விசிலே குடுக்கல. நான்தான் பொய் சொன்னேன்.”

அவள் திரும்பினாள். முகத்தில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

“அத என்கிட்ட ஏன் சார் சொல்றீங்க? எனக்குத் தெரியாதா? அவளுக்குத்தான் தெரியாது.” சிந்துவைக் கண்ணால் காட்டினாள். “அன்னிக்கு டீம்ல சேத்துட்டாங்கன்னு சொல்ல அவதான் போன் பண்ணா. ஒரு நிமிஷம் பேசிட்டு வச்சிட்டா. தன்னாலதான் அம்மாவ சஸ்பெண்ட் பண்ணாங்கன்னு நெனச்சிக்கினு கீறா. நான் எவ்ளோ சொன்னாலும், சமாதானத்துக்குச் சொல்றேன்றா.”

உஷாவுக்குச் செய்ததை மட்டும்தான் கிளெமென்ட் நாலு வருஷமாக எண்ணிக்கொண்டிருந்தார். அப்போது சிந்துவுக்குப் பதினேழு வயது. அந்தப் பெண்ணை அவர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

புதுப் பட்டைகளைக் குறுக்கே மிதித்துக்கொண்டு நடந்தார். மிதிக்காதீங்க என்று ஆம்ப்ரோஸ் கத்தியது காதில் விழவில்லை. சிந்துவின் முன்னால் போய் நின்று, சுற்றி வளைக்காமல், டீம் மொத்தமும் கேட்க எல்லாவற்றையும் சொன்னார். பசியை, டீக்கடையை, விசாரணையில் சொன்னதை.

அவள் திட்டவில்லை. பந்தைக் காலடியில் நிறுத்திக்கொண்டு கேட்டாள்.

“நான் போன் பண்ணதால இல்லையா?”

“இல்லம்மா. நீ பேசி வச்சி அஞ்சு நிமிஷம் ஆச்சி. என்னாலதான்.”

“நிஜமா, நான் பண்ணதால இல்லையா?”

“இல்லம்மா.”

சிந்து அவரைத் தாண்டி அம்மாவைப் பார்த்து நடந்தாள். பாதி மைதானத்தில் நடை ஓட்டமானது. உஷா கேனைக் கீழே போட்டாள், தண்ணீர் கொட்டி ஓடியது. கிளெமென்ட் இருந்த இடத்திலேயே நின்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாததுதான் நியாயம் என்று அவருக்கும் பட்டது.