காத்து நின்ற பாதை

வினோஜன் ஐந்தரைக்கு எழும்பினான். கிணற்றடியில் முகம் கழுவினான். முதல் நாள் பாணைத் தோசைக்கல்லில் சூடாக்கி, தேநீரில் தோய்த்துத் தின்றான். சட்டைக்கு அயன் போட்டான். மோட்டார் சைக்கிளைத் துடைத்தான். மேசையில் கிடந்த துண்டுக் கடதாசியில் ஐந்து வேலைகள் எழுதியிருந்தன. நான்கை வெட்டியாகிவிட்டது. மிச்சம் ஒன்று: பள்ளிக்கூடப் புத்தகங்கள்.

அவை கதவுக்குப் பின்னால் ஒரு பச்சைத் துணிப்பையில் எட்டு மாதமாகத் தொங்கின. அவன் மனைவி தக்ஷாயினி வாவிக்கு அக்கரையில், மண்டூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்தவள். வெள்ளி இரவு தொடங்கிய டெங்குக் காய்ச்சல் மூன்றே நாளில் அவளைக் கொண்டுபோய்விட்டது. பள்ளிக்கூட அதிபர் புத்தகங்களை மூன்று தரம் கேட்டுவிட்டார். இன்று அவற்றைக் கொடுத்துவிட்டு, ஆறு மணிக்குள் கனடாவுக்குக் குடிபோகும் பத்திரங்களில் கையெழுத்து வைத்து ரொறொன்ரோவில் இருக்கும் அண்ணன் சுதாகரனுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் இந்த ஊரில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை.

களுவாஞ்சிக்குடியிலேயே பிறந்தவன். முப்பத்திரண்டு வயது. சின்ன வயதில் மண்டூர்த் திருவிழாவுக்கு அம்மா தூக்கிக்கொண்டு போனதாகச் சொல்வார்கள், அவனுக்கு ஞாபகமில்லை. பிறகு பேராதனையில் படித்தான். கலியாணம் முடித்த கையோடு நுவரெலியா சுற்றிப் பார்க்கப் போனான். பத்து நிமிடத்தில் இருக்கும் குருமண்வெளித் துறைக்கு மட்டும் போகவில்லை. "ஒருநாளைக்கு என்னோட வாங்களன்" என்று தக்ஷாயினி கேட்பாள். "லீவு நாளில பாப்பம்" என்பான். லீவு நாளில் நித்திரை கொள்வான்.

துறையில் பாதை நின்றது. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் இரும்பு மிதவைக்கு இங்கே அதுதான் பெயர். அவன் மோட்டார் சைக்கிளோடு ஏறினான். நிரம்பியும் அது புறப்படவில்லை.

"என்ன கதிர்காமத்தம்பி, முளைச்சுப் போனீங்களா?" என்றாள் மீன் கூடையோடு குந்தியிருந்த அன்னப்பூரணி. "மீன் நாறினா உங்கட தலையிலதான் கொட்டுவன்."

"நாறாத மீன் எப்ப கா நீங்க வித்த நீங்க?" என்றார் பாதைக்காரர். "ஒரு டீச்சர் குறையுது. பொறுங்க."

அக்கரைக்குப் படிப்பிக்கப் போகிறவர்களை அவர் தலை எண்ணித்தான் பாதையை எடுப்பார். வராதவர் முதல் நாளே சொல்லியனுப்ப வேண்டும். சொல்லாவிட்டால் பாதை நிற்கும். எங்கும் எழுதி வைக்காத ஒழுங்கு. கடைசி டீச்சர் குடையோடு ஓடி வந்து ஏறினாள். கயிறு கழன்றது.

கதிர்காமத்தம்பியின் கண் வினோஜனின் கையிலிருந்த பச்சைப் பையில் நின்றது.

"அதைத் தூக்கிக்கொண்டு நிக்காதீங்க தம்பி. அந்தக் கொக்கியில மாட்டுங்க."

கைப்பிடிக் கம்பியில் ஒரு கொக்கி வளைத்துக் கட்டியிருந்தது.

"அந்தப் பை மாட்டத்தான் வளைச்ச நான். நீங்க டீச்சர்ட அவரா?"

"ஓம்."

அன்னப்பூரணி கூடையை இழுத்து இடம் விட்டாள்.

"டீச்சர் வராத அண்டைக்கு அரை மணித்தியாலம் பாதையை வச்சிருந்தன்" என்றார் அவர். "சனம் ஏசிச்சு. டீச்சர் சொல்லாம நிக்கிற ஆளில்ல எண்டு நான் விடல்ல."

அது யாருடைய பிழை என்று வினோஜனுக்குத் தெரியும். மற்றப் பக்கம் திரும்பினான்.

அப்போதுதான் தன் ஊரைப் பார்த்தான். தென்னைகளின் கறுப்பு வரிசைக்கு மேலே சூரியன் ஒரு முழம் ஏறியிருந்தது. கோயில் கோபுரம், தொலைபேசிக் கோபுரம், அவன் தினமும் திட்டிக்கொண்டு கடக்கும் சந்தைக் கூரை, எல்லாவற்றின் விளிம்பிலும் பொன் பூசியிருந்தது. அந்தக் கரைக்கு எழுவான்கரை என்று பெயர். அங்கேயே வாழ்ந்தவன் பொழுது தன் ஊருக்குள்ளிருந்து எழும்புவதைக் கண்டதில்லை. அவள் கண்டிருக்கிறாள், பள்ளிக்கூடம் நடந்த நாளெல்லாம். நீர்க்காகங்கள் வலைக்கம்புகளில் சிறகை விரித்துக் காயவிட்டன. கண்ணா என்னும் அலையாத்தி மரங்களின் வேர்கள் தண்ணீருக்குள் கால் நீட்டி நின்றன. எதிரே பொழுது படும் படுவான்கரை, பச்சையாக நெருங்கி வந்தது.

பள்ளிக்கூடத்தில் அதிபர் புத்தகங்களை எண்ணி எடுத்தார். வெறும் பையைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த பாதையில் திரும்புவதாகத்தான் இருந்தான். ஆனால் தெரு வயல் வட்டைக்குள் இறங்கியது. கதிர் வெளிவராத குடலைப் பருவத்து நெல், காற்றுக்கு ஒரே முகமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. வெள்ளைக் கொக்குகள் வரம்புக்கு வரம்பு பறந்தன. எருமைகள் தெருவை மறித்தன. அவன் இறங்கி நின்று வழி விட்டான். ஒரு கடையில் எருமைத் தயிர் வாங்கி, சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான். விழவில்லை. முழுச் சட்டியும் தின்றான். எட்டு மாதத்தில் ருசி தெரிந்த முதல் சாப்பாடு.

மத்தியானம் வெறும் பையை அதே கொக்கியில் மாட்டிப் பாதையில் திரும்பும்போது அண்ணன் தொலைபேசியில் எடுத்தான். இரவு வேலையில் நின்றான்.

"சைன் வச்சிட்டியாடா?"

"இல்லண்ணன்."

"எங்க நிக்கிற? காத்துச் சத்தமா இரிக்கு."

"வாவிக்கு நடுவில. ஊர் பாக்கிறன்."

"அங்க பாக்கிறத்துக்கு என்னடா இரிக்கு?"

வினோஜன் சொல்லத் தொடங்கினான். சூரியனைச் சொன்னான். வட்டையைச் சொன்னான். கவிழ்த்தும் விழாத தயிரைச் சொன்னான்.

"எட்டு மாசத்தில நீ இவ்வளவு கதைச்சது இண்டைக்குத்தான்" என்றான் கடைசியில். "அதுவும் தயிரைப் பத்தி."

"நான் வரல்லண்ணன்."

"இப்பவா, எப்பவுமா?"

"இன்னும் உன்னிச்சைக் குளம் பாக்கல்ல. வாகரைக்கும் போகல்ல."

"சரி. போய்ப் பாத்துட்டு எனக்கும் சொல்லு" என்று வைத்தான்.

பாதை துறையைத் தட்டியது. ஆட்கள் இறங்கிப் போனார்கள். வினோஜன் கொக்கியிலிருந்து பையை எடுத்தான். இனியும் இதைச் சொல்லாமல் இந்த ஊரில் இருக்க முடியாது.

"அண்ணன், டீச்சர் சொல்லித்தான் விட்டவ. பிழை என்ட. சொல்ல மறந்துட்டன்."

கதிர்காமத்தம்பி கயிற்றோடு நின்றார். "என்ன சொன்னவ?"

செத்த வீட்டில் எல்லாரும் கேட்டார்கள், அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று. ஒன்றுமில்லை என்றே சொல்லியிருந்தான். அது சின்ன விசயமாகப் பட்டது. ஆஸ்பத்திரியில் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது, அவள் அவனுடைய சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். அவள் சொன்னதை அவன் அப்படியே சொன்னான்.

"பாதைக்கார அண்ணனுக்குச் சொல்லிருங்க. நாளைக்கு நான் வரமாட்டன், எனக்காகப் பாதையை வச்சிருக்க வேணாம்."