நாலு மணி டீயும் லெனர்ட்டின் அல்லியும்

மெல்டர்பி கிராமத்தில் லெனர்ட் பிக்கரிங்கின் அல்லியை மலர்ந்த கோலத்தில் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் லெனர்ட். இன்னொருவர் அவர் மனைவி மேவிஸ். மனைவி சாட்சி எந்த ஊரிலும் செல்லாது.

குறை அல்லியிடம் இல்லை. நம் பாட்டுகளில் வரும் அல்லி நிலாவைப் பார்த்து மலர்கிற ஜாதி. இந்தக் குளிர்தேசத்து அல்லிக்கு அந்தக் காதல் சமாசாரமெல்லாம் கிடையாது. சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா மாதிரி காலை பத்தரை வாக்கில் வந்து உட்காரும். மூன்று மூன்றரைக்கெல்லாம் மூட்டையைக் கட்டிவிடும். மேகம் வந்தால் அன்றைக்கு லீவு. குளிர்காலத்தில் குளத்தின் மேல் பனிக்கட்டி கல்லாக இறுகினாலும் அடிச்சேற்றில் கிழங்கு சாகாது. ஏப்ரலில் மறுபடி தளிர் விட்டுவிடும். அவ்வளவு கெட்டியான உயிர், நேரத்தில் மட்டும் யாருக்கும் வளைந்துகொடுக்காது.

இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்ட அளவுள்ள குளத்தில் அதை வளர்க்க லெனர்ட் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடையில் விற்கும் தொட்டி மண் தண்ணீரில் மிதந்துவிடும் என்று வயலோரத்துக் களிமண்ணைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். கூடையில் நிரப்பிக் கிழங்கைப் படுக்கவைத்து, மீன் கிளறாமலிருக்க மேலே கூழாங்கல் பரப்பினார். கூடையைச் செங்கல் அடுக்கின்மேல் வைத்து, தண்டு நீள நீள ஒவ்வொரு செங்கலாக உருவி ஆழத்தில் இறக்கினார். இலையில் கறுப்பு அசுவினிப் பூச்சி மொய்த்தால் குழாயால் பீய்ச்சித் தள்ளி மீன்களுக்கு விருந்து வைத்தார். மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் அல்லிக்கு ஆகாது என்று, மகள் ஆசையாக வாங்கித்தந்த நீரூற்றைக் கொட்டகையில் போட்டுப் பூட்டினார். மகள் அதை இன்னும் மறக்கவில்லை.

வருஷா வருஷம் ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெல்டர்பியில் எல்லாத் தோட்டங்களும் ஊருக்குத் திறந்திருக்கும். காலையில் தேவாலயம், மதியம் வறுத்த மாட்டிறைச்சி, இரண்டு மணிக்குத் தோட்டம். மேட்டுத்தெரு முனையில் ஜெஃப்ரியின் ரோஜாக்களில் தொடங்கி, வீடு வீடாக இறங்கி, கடைசியில் லெனர்ட் வீட்டுக்கு வரவேண்டும். அங்கே நாலு மணிக்கு டீ, மேவிஸ் செய்த எலுமிச்சை கேக்கோடு. அந்த நேரத்துக்கு அல்லி இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கும். குளத்தைச் சுற்றி நின்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள்: "இலை எவ்ளோ அழகா இருக்கு, லெனர்ட்!"

கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்து "வாழையிலை நல்லா இருந்துச்சு" என்று சொன்னால் சமையல்காரருக்கு எப்படி இருக்கும்? லெனர்ட்டுக்கு அப்படித்தான் இருந்தது. "ரொம்ப நன்றி" என்று சொல்வார். வேறென்ன சொல்வது?

காலையில் வந்து பாருங்கள் என்று கூப்பிட வேண்டியதுதானே என்பீர்கள். மெல்டர்பியில் தன் பூவைத் தானே போய்ச் சொல்லிக்கொள்வது தற்பெருமை. ஒருமுறை வாய் தவறித் தோட்டக் கமிட்டித் தலைவி பிலிப்பாவிடம், "மத்தியானம் வரைக்கும் விரிஞ்சுதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டார். பிலிப்பா அவர் தோளைத் தட்டி, "இருந்திருக்கும், இருந்திருக்கும்" என்றார். தூண்டிலிலிருந்து தப்பிய மீன் இவ்வளவு நீளம் என்று அளப்பவனிடம் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். மறுவருஷம் பூவைப் படம் எடுத்து வேலியில் மாட்டினார். "நல்ல படம், எந்தக் கடைல வாங்கினீங்க?" என்று கேட்டார்கள்.

இந்த வருஷத்தோடு எல்லாம் முடிந்தது. லெனர்ட்டின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. செப்டம்பரில் மகள் இருக்கும் நகரத்தில் ஒரு ஃபிளாட்டுக்குப் போகிறார்கள். வீட்டை வாங்கியவர்களுக்குக் கைக்குழந்தை. குளத்தை மூடிவிடப் போவதாக முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அதில் தப்பில்லை, குழந்தை இருக்கிற வீடு. ஆனால் ஒருவர்கூடப் பார்க்காமல் மண்ணைப் போட்டு மூடிவிட்டால், அப்புறம் அப்படி ஒரு பூ இருந்ததென்று யார் நம்புவார்கள்? லெனர்ட்டுக்கு அதுதான் மனதை அரித்தது. இத்தனை கோடையும் புளுகிவிட்டு ஊரைவிட்டுப் போவது போல இருந்தது.

கமிட்டிக் கூட்டத்தில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார். "இந்தத் தடவ எங்க வீட்லேர்ந்து ஆரம்பிச்சு மேல போனா என்ன?"

"போலாமே," என்றார் பிலிப்பா. "அப்ப டீ?"

"டீ ஜெஃப்ரி வீட்ல."

ஜெஃப்ரி பெருந்தன்மையாக, "எங்கிட்ட பிஸ்கட் இருக்கு" என்றார்.

எல்லார் கண்ணும் மேவிஸ் பக்கம் போனது. மேவிஸ் தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே அந்தப் பெண்மணியைக் கொண்டாடுவது வருஷத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் என்பது லெனர்ட்டுக்குத் தெரியும்.

"விடுங்க, சும்மா கேட்டேன்," என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது மேவிஸ் கேட்டார். "சும்மாவா கேட்ட?"

"சும்மாதான்."

"முகத்தப் பாத்தா அப்படித் தெரியல."

"முகம் எப்பவுமே இப்படித்தான்."

அந்த ஞாயிறு வெயில் பளிச்சென்று அடித்தது. பதினோரு மணிக்குள் குளத்தில் அல்லிகள் வரிசையாக மலர்ந்துவிட்டன. ரத்தச் சிவப்பு இதழ்கள், நடுவில் மஞ்சள் கேசரம். லெனர்ட்டுக்கு அழுகையே வந்தது. ஏன்டா இவ்வளவு அழகாக இருக்கிறாய் என்று திட்டலாம் போலிருந்தது.

சாப்பிட்ட தட்டுகளைக்கூடக் கழுவாமல் மேவிஸ் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குக் கிளம்பினார். "டீயும் கேக்கும், இரண்டு மணிக்கு" என்று எழுதியிருந்தது. லெனர்ட் பதறிப்போனார்.

"மேவ், ரெண்டு மணிக்கு டீயா? மனுஷங்க இப்பதான் சாப்ட்டு எந்திரிச்சிருப்பாங்க!"

"கேக் இருந்தா வருவாங்க."

"டீன்னா நாலு மணிக்கு. அது யாரும் மாத்தக்கூடிய விஷயமா?"

"நாலு மணிக்குக் கேக் தீந்து போயிருக்கும். வேணுங்கறவங்க ரெண்டு மணிக்கு வரட்டும்."

"என்ன பேசுவாங்க தெரியுமா?"

"பேசட்டும் கண்ணு. செப்டம்பர்ல நாம இங்க இருக்கப் போறதில்ல."

ஊருக்குள் செய்தி பரவிவிட்டது. ஓடுவது மரியாதையில்லை என்பதால் யாரும் ஓடவில்லை. ஆனால் அத்தனை பேரும் மழை வரப்போகிற மாதிரி எட்டி நடை போட்டார்கள். ஜெஃப்ரியின் ரோஜாக்களை ஏறிட்டுப் பார்க்க நாதியில்லை. தன் விருந்தாளிகள் எங்கே தொலைந்தார்கள் என்று தேடிக்கொண்டு ஜெஃப்ரியே இறங்கி வந்து, வந்த இடத்தில் கேக் வரிசையில் நின்றுவிட்டார். விசாரணை நடத்த வந்த பிலிப்பாவும் கையில் கோப்பையோடு குளத்தருகே வந்தார்.

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கேக்கை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

"லெனர்ட்!" என்றார் பிலிப்பா. "என்ன ஒரு பூ இது! இந்த வருஷம் வெச்சதா?"

இந்த ஒரு கேள்விக்கான பதிலை லெனர்ட் வருஷக்கணக்காகக் குளத்தோரம் நின்று ஒத்திகை பார்த்திருக்கிறார். வாய் திறந்தார். பிலிப்பாவின் முகத்தைப் பார்த்தார். சுற்றிலும் வெளியூர் ஆட்கள். உண்மையைச் சொன்னால் இத்தனை காலம் இலையைப் பாராட்டியவர்களெல்லாம் முட்டாளாகிவிடுவார்கள். விருந்தாளியை அப்படி விடலாமா?

"ஆமா," என்றார். "இந்த வருஷந்தான்."

"முதல் வருஷமே இப்படியா! புதுசா வளக்கறவங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கத்தான் செய்யுது."

ஜெஃப்ரி முன்னால் வந்தார். "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கங்க லெனர்ட். கடைல விக்கற மண்ணப் போட்றாதீங்க. மெதந்துரும். களிமண்ணுதான் இதுக்கு லாயக்கு."

"அப்படியா? ரொம்ப நன்றி."

"எடுத்தவுடனே ஆழத்துல எறக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

"ஓ. ஞாபகம் வெச்சுக்கறேன்."

மேவிஸ் டீக்கெட்டிலை மேசைமேல் வைத்தார். வைத்த சத்தத்தில் எல்லாரும் திரும்பினார்கள். கட்டிய புருஷன் சொன்னதை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"அவர் பொய் சொல்றாரு," என்றார். "இந்த அல்லி எங்க பேத்தி பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து இதே குளத்துல பூக்குது. பேத்தி இப்ப கார் ஓட்டுறா. மூணு மணிக்கு மூடிக்கும். நீங்க நாலு மணிக்கு வருவீங்க. அவர் வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு. நானும் கேக் தட்டோட நின்னுட்டு இத்தன வருஷம் வாய மூடிட்டிருந்தேன். தப்பு எம்மேலயும் இருக்கு."

கொஞ்ச நேரம் யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. யாரோ, "வெயில் பரவால்ல இன்னைக்கு" என்றார்கள். இன்னொருவர் ஆமாம் என்றார்.

பிலிப்பாவின் முகம் காது வரை சிவந்திருந்தது. "நாங்க ஒவ்வொரு வருஷமும் இதத் தாண்டித்தான் கேக் எடுக்கப் போனோமா, லெனர்ட்?"

லெனர்ட் செருமினார். "கேக்கும் நல்லாத்தான் இருக்கும்," என்றார்.

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பூமி பிளந்தால் உள்ளே இறங்கிவிடலாம் போலிருந்தது. அதே சமயம், கல்யாணத்தன்றுகூட இவ்வளவு சந்தோஷமாக இருந்ததாக அவருக்கு நினைவில்லை.

"இன்னைக்கு எப்ப மூடும்?" என்று பிலிப்பா கேட்டார்.

"இன்னும் ஒரு மணி நேரத்துல ஆரம்பிக்கும்."

பிலிப்பா ஒரு நாற்காலியைப் புல்தரையில் இழுத்துவந்து குளத்தை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். ஜெஃப்ரி ஒரு பெஞ்சைத் தூக்கிவந்தார். மற்றவர்கள் புல்லிலேயே உட்கார்ந்தார்கள். மேட்டுத்தெருத் தோட்டங்கள் அன்று ஆளில்லாமல் கிடந்தன. வெளி இதழ்கள் முதலில் அசைந்து எழுந்தபோது, "ஸ்ஸ்" என்று யாரோ பக்கத்தில் இருப்பவரை அடக்கினார்கள்.

மேவிஸ் லெனர்ட் பக்கத்தில் வந்து நின்றார். லெனர்ட் பூவைப் பார்க்கவில்லை. அதை அவர் நிறையப் பார்த்தாகிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த முகங்களை, ஒன்றுவிடாமல், ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.