ஒட்டகத்தின் காற்று

அந்த வீட்டில் மாமனாரும் மருமகளும் தரையில் பேசிக்கொள்வது குறைவு. "சாப்டீங்களா மாமா?" "ஆச்சும்மா." அத்தோடு சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் கடலுக்கடியில் இறங்கிவிட்டால் கை ஓயாது. அங்கே பார், நண்டு. குளிருதா? இல்லை. மெதுவாப் போ, அவசரமில்லை. வாயில் மூச்சுக் குழாயின் ரெகுலேட்டரைக் கவ்விக்கொண்டு கையாலேயே இத்தனை கதை பேசுகிற ஜோடியை முக்குளிப்பு கிளப்பில் வேறு யாரும் பார்த்ததில்லை.

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்துப் பவர் சொல்பவள். இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கவேண்டிய கணவன்காரனுக்குப் படகின் படத்தைப் பார்த்தாலே குமட்டும். "நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்று போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வான். வீடு என்ன எழுந்து ஓடியா போகிறது! ஓய்வுபெற்ற புதிதில் பெரியவர் கிளப்பில் சேர்ந்தபோது, தனியாக யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, கூட ஒருவர் வேண்டும் என்றார்கள். வீட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த மருமகள்தான், "நான் வரட்டுமா மாமா?" என்று கதவோரத்திலிருந்து கேட்டாள். அன்றைக்குப் பிடித்த ஜோடி, வருஷங்கள் ஓடியும் மாறவில்லை.

கிளப்பில் அவருக்கு 'ஒட்டகம்' என்று பெயர். ஒட்டகம் தண்ணீரில்லாமல் தாக்குப் பிடிப்பதுபோல் இவர் காற்றில்லாமல் தாக்குப் பிடிப்பாராம். ஒரே அளவு காற்றுச் சிலிண்டர்தான் எல்லோருக்கும். மற்றவர்கள் மீட்டரில் முள் சரிந்து மேலே வரும்போது இவருக்கு மட்டும் மிச்சம் இருக்கும். "பஸ்ஸை எறக்கத்துல நியூட்ரல்ல விட்டுப் பழகின உடம்பு" என்பார். யாராவது புகழ்ந்தால் போதும், உச்சி குளிர்ந்துவிடும்.

இறங்குவதற்கு முன் ஒருவர் சாமானை ஒருவர் சோதிக்க வேண்டும் என்பது கிளப் விதி. மற்ற ஜோடிகள் கடமைக்குத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குதிக்கும். இவர்கள் அப்படியில்லை. அவர் மருமகளின் வார் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பார், சிலிண்டர் வால்வைத் திருகிப் பார்ப்பார், பள்ளிக்கூடம் அனுப்புகிற பிள்ளையின் பையைச் சரி பார்ப்பதுபோல. அவள் அவருடைய இடுப்பில் மிதக்காமலிருக்க ஈயக்கட்டிகள் கோத்த பெல்ட் ஒரே இழுப்பில் கழல்கிறதா என்று பார்ப்பாள்; ஆபத்தென்றால் முதலில் கழற்றி எறிய வேண்டியது அதுதான். பிறகு மாஸ்க்கைத் துடைத்துக் கொடுப்பாள். அந்த மாஸ்க்கில் அவர் கண்ணுக்கேற்ற லென்ஸை வைத்துக் கொடுத்தவளே அவள்தான்.

வம்பு ஆரம்பித்தது மழைக்காலம் முடிந்து கிளப் மறுபடி திறந்த ஞாயிற்றுக்கிழமையில். பாதி நேரம் ஆனதும் வழக்கம்போல மருமகள் இரண்டு பேர் மீட்டரையும் பார்த்தாள். அவளால் நம்ப முடியவில்லை. அவருடைய முள் அவளுடையதைவிடக் கீழே கிடந்தது.

காற்று குறைந்துவிட்டது என்பதற்குச் சைகை, முஷ்டியை மடக்கி நெஞ்சில் வைப்பது. ஜோடியில் யாருக்கு முதலில் குறைகிறதோ அவர் காட்ட வேண்டும். காட்டியவுடன் இருவரும் மேலே வந்துவிட வேண்டும். இத்தனை வருஷமும் காட்டியவள் அவள். பெரியவர் மீட்டரை விரலால் தட்டினார், பஸ்ஸில் டீசல் முள்ளைத் தட்டுகிற அதே தட்டு. இன்னொரு தரம் தட்டினார். முள் அசையவில்லை. அவர் கையும் நெஞ்சுக்கு வரவில்லை. லென்ஸுக்குப் பின்னால் அவர் கண்கள் திருதிருவென்று விழிப்பதை அவள் பார்த்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. சட்டென்று தன் முஷ்டியைத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டிவிட்டாள்.

படகில் ஏறியதும் பெரியவர் முகத்தில் பழைய தெம்பு. "என்னம்மா, இன்னைக்கும் நீதான் முந்திக்கிட்டியா?"

"ஆமா மாமா. குளிர் ஜாஸ்தி."

இப்படி ஆரம்பித்தது, வாராவாரம் ஆனது. பொய் என்றால் ஒன்றோடு நிற்குமா? கரைக்கு வந்ததும் அவள் சிலிண்டரில் மிச்சக் காற்றை யாராவது பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் ரெகுலேட்டரைக் கழுவுகிற சாக்கில் வாளித் தண்ணீரில் அமுக்கி, பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பாள். நல்ல காற்றெல்லாம் குமிழ் குமிழாக வாளியில் போகும். பெரியவரோ தன் காற்று குறைவதற்கு ரெகுலேட்டர்மேல் பழி போட்டார். கசிகிறது என்று வாஷரை மாற்றச் சொன்னார். மாற்றியும் குறைந்தபோது, மாற்றியவனுக்கு வேலை தெரியவில்லை என்று சப்பைக்கட்டு கட்டினார்.

படகின் ஏணிப்படி ஏறும்போது அவர் பாதியில் நின்று கடலை ரசிப்பதுபோல் நடிப்பதை மருமகள் கவனித்திருந்தாள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, "மாமா, ஒரு தடவ டாக்டர்கிட்ட போய்ட்டு வரலாமா?" என்று ஆரம்பித்தாள்.

"யாருக்கு, உனக்கா? என்னம்மா பண்ணுது?"

"ஒண்ணுமில்ல மாமா. சும்மாதான்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஏதோ புரிந்துகொண்டவர்போலத் தலையை ஆட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் என்ன புரிந்துகொண்டார் என்பது அவளுக்கு அடுத்த ஞாயிறுதான் தெரிந்தது.

அன்று காலை மாமியார் ஒரு பெரிய தம்ளர் நிறையப் பால் கொண்டுவந்து வைத்தாள். பாலோடு ஒரு சிரிப்பும். "ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடி. வாளி கீளி தூக்காத." எதற்கு இந்த உபசாரம் என்று புரியாமலே குடித்துவிட்டுக் கிளம்பினாள். மாமனார் முன்னாலேயே போய்விட்டிருந்தார்.

கிளப் என்பது படகுத்துறையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. உள்ளே சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும். ஈர ரப்பர் உடைகளின் வாடை எப்போதும் இருக்கும். கிளப் தலைவர் ஒரு பல் டாக்டர். விதி என்றால் விதி, அவரிடம் பேச்சுக்கு இடமில்லை. மாதம் ஒருமுறை எல்லோரையும் உட்காரவைத்துப் பாதுகாப்புப் பாடம் எடுப்பார். யார் வாயைத் திறந்தாலும் அவர் கண் முதலில் பல்லுக்குத்தான் போகும்.

"உனக்கு இன்னைக்கு தண்ணி கிடையாதும்மா" என்றார் டாக்டர். அவர் முகத்திலும் ஒரு சிரிப்பு. "காரணமெல்லாம் நான் கேக்கலை. மாமா சொன்னார், அது போதும்."

பெரியவர் கொட்டகை மூலையில் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார். ஏற்கெனவே உடை மாட்டியிருந்தார். கிளப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு வாலிபனோடு ஜோடி போட்டிருந்தார். அன்று போகிற இடம் வெளிக்கடலில் மூழ்கிக் கிடக்கும் பழைய சரக்குப் படகு. இதுவரை போனதிலேயே ஆழம். கிளப் படகின் எஞ்சின் ஓட ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் அவளுக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. போன பாடத்தில் டாக்டர் சொன்னது: வழக்கத்துக்கு மீறிக் காற்று செலவானால் குளிராக இருக்கலாம், பயமாக இருக்கலாம், நோயாக இருக்கலாம், பெண்களுக்குக் கர்ப்பமாகவும் இருக்கலாம், கர்ப்பிணி ஒருபோதும் முக்குளிக்கக் கூடாது. மருமகள் வாராவாரம் முஷ்டி காட்டுகிறாள், டாக்டரிடம் போகலாமா என்கிறாள், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். மனுஷர் கூட்டிப் பார்த்துவிட்டார். அவர் வயிற்றில்தான் எந்த ரகசியமும் தங்காதே, மாமியாரிடமும் ஓதிவிட்டார். அதுதான் பால்.

எத்தனையோ டாக்டர்களைப் பார்த்து, எத்தனையோ மாத்திரைகளை முழுங்கி, அவளும் கணவனும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டிருந்த விஷயம் அது. காலையில் மாமியாரின் முகத்தில் பார்த்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. ஆனால் அதை நினைத்து அழ நேரமில்லை. இந்த மனுஷர் இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆழத்தில் இருப்பார். முஷ்டி காட்ட அவருக்கு மனசு வராது. பக்கத்தில் இருக்கப்போகிறவனுக்கு அவர் ஒட்டகம் என்பது மட்டும்தான் தெரியும்.

"மாமா, ஒரு நிமிஷம் இப்படி வாங்க."

"படகு நிக்குதும்மா. நீ நிழல்ல உக்காரு."

"படகு நிக்கட்டும். வாங்க."

அந்தக் குரலை அவர் தரையில் கேட்டதில்லை. சிலிண்டர்களுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எனக்கு ஒண்ணுமில்ல மாமா. என் காத்து தீரவே இல்ல. உங்க காத்துதான் தீருது. உங்களுக்குக் கை வரலைன்னுதான் நான் காட்டினேன். மிச்சக் காத்தை வாளியில விட்டேன்."

"யாருக்கும்மா தீருது? எனக்கா?" பெரியவர் சிரிக்கப் பார்த்தார். "அந்த வாஷர்..."

"வாஷர் இல்ல மாமா. நீங்க ஏணியில பாதியில நிக்கிறது எதுக்கு?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "எத்தனை தடவை பண்ணே?"

"மழை விட்டதுல இருந்து எல்லாத் தடவையும்."

அவருக்குக் கோபம் வந்தது. "மேல நீ என்ன பொய் வேணா சொல்லு, நானும் சொல்றேன். தண்ணிக்குள்ள நீ காட்டுற கையை நம்பித்தானே நான் மூச்சே விடறேன்! அங்க போய்ப் பொய் சொல்லிட்டியே!"

தப்பு தப்புதான். தலையைக் குனிந்துகொண்டாள். அவர் இன்னும் ஏதோ திட்ட வாயெடுத்தவர், பாதியில் நிறுத்தினார். குரல் அப்படியே இறங்கிப்போயிற்று.

"அப்போ... அது இல்லையாம்மா?"

"இல்ல மாமா."

பெரியவர் அருகிலிருந்த பலகையில் உட்கார்ந்துவிட்டார். "நான் ஒரு முட்டாள். உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம... உன் அத்தை வேற நேத்து ராத்திரி முழுக்கத் தூங்கலை." அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் அதுவரை தாங்கியவள் உடைந்துவிட்டாள். அவர் அவள் தலையைத் தொடப் போய், கூச்சப்பட்டு, கடைசியில் தோள் வாரை இழுத்துச் சரி செய்வதுபோல் அவள் துப்பட்டாவை இழுத்துவிட்டார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

பிறகு எழுந்தார். ஒரே இழுப்பில் ஈயப் பெல்ட்டைக் கழற்றி டாக்டர் முன்னால் வைத்தார். "நான் இன்னைக்கு இறங்கலை டாக்டர். எனக்குத்தான் மூச்சு சரியில்லை." இத்தனை பேர் முன்னால் ஒட்டகமே அதைச் சொல்லிவிட்டது.

பல் டாக்டர் முழுக்கதையையும் கேட்டார். பெரியவரை மறுநாளே இதய டாக்டரைப் பார்க்கச் சொன்னார். மருமகளைப் பார்த்து, "உன் மனசு நல்ல மனசு. ஆனா பொய்ச் சைகை பொய்ச் சைகைதான். ரெண்டு மாசம் தண்ணி கிடையாது" என்றார்.

மாமியாரிடம் யார் சொல்வது என்று இருவரும் வழியெல்லாம் யோசித்தார்கள். கடைசியில் சேர்ந்தே சொன்னார்கள். அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்சநேரம் சுவரைப் பார்த்து நின்றாள். பிறகு திரும்பினாள். "தண்ணிக்கடியில ஊமை பாஷை பேசிப் பேசி, ரெண்டு பேருக்கும் வீட்டுல வாய் தெறக்கவே மறந்துபோச்சு. இனிமே எதுனாலும் என் முன்னாடி வாயால பேசுங்க!" என்று இருவரையும் ஒரு பிடி பிடித்தாள். மறுநாள் காலையிலும் பால் வந்தது. மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். "எலும்புக்கு நல்லதுடி. குடி" என்றாள் மாமியார்.

பெரியவருக்கு இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. நல்லவேளை, சீக்கிரம் வந்தீர்கள் என்று சரி செய்து அனுப்பினார்கள். நடக்கலாம், படி ஏறலாம். ஆழத்தில் இறங்குவது மட்டும் இனி இல்லை. பெரியவர் அந்த இரண்டு மாதமும் கடல் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகனோடு போட்டி போட்டுக்கொண்டு போர்வைக்குள் கிடந்தார். வீட்டை இரண்டு பேர் பார்த்துக்கொண்டார்கள்.

மருமகளின் தண்டனை முடிந்த வாரம், பல் டாக்டர் வீட்டுக்கே வந்து பெரியவரை இழுத்துப் போனார். துறையடியில் கலங்கல் தண்ணீரில் விழுந்த சாமானைத் தேடிப் பழகும் பயிற்சி. கை நீட்டினால் கை தெரியாத இடம். ஜோடியாக இறங்கினால் ஒருவர் காலில் ஒருவர் சிக்குவார்கள் என்பதால் அங்கே மட்டும் விதி வேறு: ஒருவர்தான் இறங்குவார், இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை மேலே இருப்பவர் கையில். மேலிருந்து ஒரு இழுப்பு என்றால் 'நல்லா இருக்கியா?' கீழிருந்து ஒரு இழுப்பு என்றால் 'நல்லா இருக்கேன்.' இரண்டு என்றால், மேலே வருகிறேன்.

"கயிறு பிடிக்கிறவருக்குத் தூக்கம் வரக் கூடாது, பொறுமை போகக் கூடாது. பஸ் ஓட்டினவரை விட்டா யாரு?" என்றார் டாக்டர்.

பெரியவர் கயிற்றை வாங்கினார். மருமகளின் வார் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். வால்வைத் திருகிப் பார்த்தார். முடிச்சை இரண்டு தரம் போட்டார்.

"பொய் இழுப்பு இழுக்கக் கூடாது."

"மாட்டேன் மாமா."

அவள் இறங்கினாள். கீழே பழுப்பாக ஒரே கலங்கல். கேட்பதற்குத் தன் மூச்சு மட்டும்தான், கை பேச எதிரில் ஆளில்லை. தண்ணீரில் இறங்க ஆரம்பித்தபின் முதல்தடவையாகத் தனியாக இருக்கிறோம் என்று தோன்றியது. அதற்குள் இடுப்பில் கயிறு ஒருமுறை சுண்டியது. பதிலுக்குச் சுண்டினாள். காலில் மாட்டிய துடுப்பை நாலு தரம் அடித்திருக்க மாட்டாள், மறுபடியும் சுண்டியது. இந்த மனுஷர் என்னைத் தேடவே விடமாட்டார் என்று சிரிப்பு வந்து மாஸ்க்கில் கொஞ்சம் தண்ணீர் புகுந்தது.

மீட்டரைக் கண்ணுக்கு மிக அருகே கொண்டுவந்து முள்ளைப் பார்த்தாள். காற்று நிறைய இருந்தது. பார்த்த பிறகுதான் கயிற்றை ஒருமுறை இழுத்தாள்.