வெர்னாவின் கட்டைவிரல்கள்

ஊரில் துப்பாக்கிக் கடை ஒன்றே ஒன்று. அடுத்த கடைக்கு நூறு மைல் தாண்டி பாய்ஸி போகணும். இங்கே கல்லாவில் நிற்பவனோ லைல். வேறு வழி இருந்தால் வெர்னா அந்தப் படியை மிதித்திருப்பாளா?

முப்பது வருஷம் தபால் பிரித்த கை. அறுபத்து மூன்று வயதில் கட்டைவிரல் இரண்டும் முட்டு வீங்கிப் போயின. ரைஃபிளின் தோட்டாக் கூடான மேகசினில் முதல் பத்துத் தோட்டா சொன்ன பேச்சுக் கேட்கும். அதற்கு மேல் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும், ஒவ்வொன்றுக்கும் உயிர் போகும். சனிக்கிழமைப் போட்டியில் ஒருவர் சுட்டு முடித்ததும் மற்றவர்கள் ஓடிப்போய்க் குறி அட்டையில் விழுந்த ஓட்டைகளை ஒட்டவேண்டும். அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து தோட்டா திணித்துக்கொண்டிருப்பாள்.

"ஒட்டாதவங்களுக்கு நம்ம குழுவுல இடமில்ல" என்று போன வாரம் எல்லார் முன்னாலும் சொன்னவன் இதே லைல்தான். புருஷன் போன பிறகு அவளுக்கு மிஞ்சியது அந்தச் சனிக்கிழமை ஒன்று. அதையும் இந்தக் கடன்காரனுக்கு விட்டுக்கொடுப்பதா?

"தோட்டா ஏத்தற சாமான் காட்டு."

"தையல் சாமான் ரெண்டு கடை தள்ளி, அம்மணி."

"காட்டுன்னேன்."

மூன்று விதச் சாமானையும், போட்டுப் பார்க்க வெடிக்காத போலித் தோட்டா ஒரு பிடியும் எடுத்துப் போட்டான். முதலாவது மேகசின் தலையில் மாட்டுவது. தோட்டாவுக்கு ஒரு அமுக்கு அமுக்கணும். ஆறாவதிலேயே விரல் கெஞ்சியது. இரண்டாவது பெரிய பெட்டி. தோட்டாவைக் கொட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் போதும், ஆனால் கனமோ கனம்.

"உங்களுக்கு அதான் சரி. தூக்கிட்டு வர ஒரு ஆளையும் வெச்சுக்குங்க."

மூன்றாவதில் தோட்டாக்களைப் பத்துப் பத்தாகப் படுக்கவைத்து உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளணும். அவசரத்தில் ஒன்றைத் தலைமாற்றி வைத்துவிட்டாள். சிக்கிக்கொண்டது.

லைல் சிரித்தான். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"கூடத்தை நான் ஒண்ணும் சொல்லலியே. வாய மூடிட்டு நில்லு."

திருப்பி வைத்துத் தள்ளினாள். பத்தும் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. உள்ளங்கையில் வீக்கம் ஏது! அதையே வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை, போட்டி நடக்கும் சரளைக்கல் பள்ளத்தில் முதல் ஆள் சுட்டு முடிப்பதற்குள் அவளுடைய மேகசின் மூன்றும் நிரம்பிவிட்டன. லைல் வந்து சேரும்போது நாலாவது அட்டையை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீங்க பெஞ்சுல போய் உக்காருங்க."

வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒட்டலேன்னுதானே குதிச்சே? இப்ப என்னடா குறை?"

"என்ன குறையா?" அவன் முகம் சிவந்தது. "ஆகஸ்ட் போட்டில நேரம் பாக்கற நடுவரா நின்னது நீங்கதானே? துப்பாக்கி முனை கொஞ்சம் திரும்பிச்சுன்னு போட்டிய விட்டே வெளிய அனுப்பினீங்க. எம் பொண்ணு வேலியோரம் நின்னு பாத்துட்டிருந்தா! அவ முன்னால என் மானத்த வாங்கிட்டீங்க."

ஆக, கட்டைவிரல் வெறும் சாக்கு. இத்தனை நாள் வலித்த விரலைத்தான் அவள் திட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த முனை எந்தப் பக்கம் திரும்பிச்சு தெரியுமா?" என்றாள். "அவ நின்ன பக்கம்."

லைல் வேலியைப் பார்த்தான்.

அடுத்துச் சுடவேண்டியவன் அவன்தான். மிச்ச அட்டையை ஒட்டிவிட்டு வரச்சொல்லி ஒட்டுநாடாவை அவன் கையில் திணித்துவிட்டு, அவனுக்கு நேரம் பார்க்கக் கருவியை எடுக்க வெர்னா போனாள்.