மாப்பிள்ளை அறைத் தண்ணீர்

ராமநாதபுரத்து நர்சரியில் பூ விட்டிருந்த ஒரு மல்லிகைத் தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு நின்றான் காஜா நவாஸ். கீழக்கரை வரைக்கும் பைக்கில் அதை எப்படிக் கட்டிக்கொண்டு போவது என்பது வரை யோசித்து முடித்துவிட்டான். நர்சரிக்காரி துர்காதேவி அவசரப்படவில்லை. யாருக்கு என்று விசாரித்தாள். மாமியாருக்கு, செடி என்றால் அவருக்கு உயிர் என்றான்.

"எந்தத் தண்ணி ஊத்துவாக?"

அவன் தொட்டியைக் கீழே இறக்கி வைத்தான். அந்தக் கேள்வியை யாராவது போன வருடமே கேட்டிருக்கலாம்.

கீழக்கரையில் வீடு பெண்ணுக்குத்தான். கட்டிக்கொண்டவன் அங்கே வந்து இருப்பான். துபாயிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் அவனுக்கென்று மாடியில் ஏசி போட்ட அறை, வாழை இலை அளவுக்கு விரியும் சாப்பாடு, தலையணை உறை முதற்கொண்டு புதுசு. ஆனால் மாமி நூர் நிஷா அவன் எதிரில் வந்து நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்ல வேண்டியதைக் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார். மாஷிதா அதை அவனிடம் கொண்டுவருவாள். மரியாதை அது. கல்யாணமான புதிதில் அவனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

போன லீவில் மாமிக்கு மதுரையில் கண் ஆபரேஷன். மாஷிதாவும் கூடப் போய்விட்டாள். பின்பக்கத்துச் செடிகளை வாடவிடக் கூடாது என்று தினமும் இரண்டு வேளை மோட்டாரைப் போட்டு, உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீரைக் குளிரக் குளிர ஊற்றினான். மண்டபத்தில் அவன் பிறந்த வீட்டில் இருந்ததெல்லாம் தென்னை. தென்னை எந்த உப்பையும் குடித்துக்கொண்டு நிற்கும். நாம் குளிக்கிற தண்ணீர் செடிக்கு ஆகாதா என்ன என்று நினைத்தான். மாமியோ அரிசி களைந்த தண்ணீரையும், லாரியில் வருகிற நல்ல தண்ணீரில் மிச்சம் பிடித்ததையும் தவிர வேறெதையும் அந்த வேரில் காட்டியதில்லை. அவர் திரும்பி வந்தபோது இலைகளின் ஓரம் நெருப்பில் காட்டியது போலக் கருகியிருந்தது. மருதாணி பிழைத்தது. தெருவில் யார் வீட்டு நிக்காஹ் என்றாலும் முதல் முழம் பூ எந்தக் கொடியிலிருந்து போகுமோ, அந்த மல்லிகை அடித்தண்டோடு நின்றது.

திட்டு வரும் என்று காத்திருந்தான். மாஷிதாதான் வந்தாள். "வெயிலுக்குத்தான் இப்புடி ஆயிருச்சு, மாப்புள்ள மனசு நோகக் கூடாதுன்னு உம்மா சொல்றாக." அன்று தட்டில் அவன் பக்கம் பெரிய மீன் துண்டாக விழுந்தது. இதே காரியத்தைத் தன் உம்மாவின் செடிக்குச் செய்திருந்தால் விளக்குமாறு பறந்திருக்கும். திட்டக்கூட மாட்டார்கள் என்றால், இந்த வீட்டில் தான் யார்? துபாய்க்குப் போன பிறகும் அது அவனை விடவில்லை.

இந்தத் தடவை வரும்போது ஒரு பெட்டி வாங்கி வந்தான். கத்தரி, கையளவு மண்வெட்டி, பூப் போட்ட கையுறை, எல்லாம் ரிப்பன் கட்டி. மாமிக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்று தகவல் வந்தது. மறுநாள் அது கண்ணாடி அலமாரிக்குள் டீ கப்புகளுக்குப் பக்கத்தில், ரிப்பன் அவிழாமல் இருந்தது. அதற்குப் பிறகுதான் நர்சரிக்குக் கிளம்பினான்.

நடந்ததைக் கேட்டுவிட்டு துர்காதேவி தொட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த மண் உப்பேறிக் கிடக்கிறது, எதை வைத்தாலும் கருகும், நல்ல தண்ணீர் விட்டுக் கழுவக் கழுவத்தான் அடித்தண்டில் உயிர் இருந்தால் துளிர்க்கும் என்றாள்.

"இல்ல, வாங்கித்தான் போவேன்னாலும் போங்க. அடுத்த லீவுக்கு இன்னொண்ணு வாங்க எங்கிட்டதான வருவீக."

வெறுங்கையோடு திரும்பினான். வாசலில் பைக்கை நிறுத்தும்போது பிடரியில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தான். மாடியில் அவன் அறை ஏசியின் குழாய். மாஷிதா உள்ளே தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். துபாயில் அவனுக்கு வேலையே ஏசி மாட்டுவதுதான். இந்த மாதிரிக் குழாய்களை எத்தனையோ சாக்கடைகளுக்குத் திருப்பி விட்டிருக்கிறான். உப்புக் காற்றிலிருந்து இறங்கும் உப்பில்லாத தண்ணீர். அது இத்தனை வருடமும் தெருவில் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்படியே கடைத்தெருவுக்குப் போய்க் குழாயும் கிளாம்பும் வாங்கி வந்தான். மாடியிலிருந்து பக்கச் சுவரைச் சுற்றி, வாட்டம் பார்த்துப் பார்த்து அடித்து, பொழுது சாய்வதற்குள் குழாயின் நுனியை மல்லிகையின் அடித்தண்டில் கொண்டுவந்து விட்டான். மாஷிதா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குச் சளி புடிச்சாலும் பரவாயில்ல மச்சான், செடிக்கு ஏசி ஓடணுமாக்கும்." அவன் சிரித்தான்.

காலையில் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வந்தவன் பின்பக்கம் போனான். மாமி மல்லிகை அருகே குந்தியிருந்தார். விலகிப் போக எண்ணித் திரும்பினான். அவர் எழுந்து உள்ளே போகவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குழைந்து கிடந்த சேற்றைக் காட்டினார்.

"ஏன் வாப்பா, ராவெல்லாம் ஒரே எடத்துல சொட்டுனா வேரு அழுகாதா? போன வருசம் உப்பு. இந்த வருசம் சேறு. எஞ்செடிய என்னதான் பண்ணணும்னு இருக்க நீ?"

அடுப்படியில் உருண்டுகொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றது. மாஷிதா கரண்டியோடு கதவில் வந்து நின்றாள். அவளிடம் சொல்லியனுப்ப வேண்டிய எதுவும் அங்கே இல்லை.

"மாத்திருறேன் மாமி," என்றான்.

"மாத்திருறேன்னு நிக்கிறதுக்கு, அந்தக் கொடத்த எடுத்துட்டு வா."

குடத்தைக் கொண்டுவந்து வைத்தான். குழாயைக் குடத்துக்குள் விடப் போனவனைக் கையமர்த்திவிட்டு, நுனியை அவரே பிடித்துக்கொண்டார். உள்ளங்கையைக் குழித்து அதன் கீழே காட்டினார். மேலே ஏசி ஓடும் சத்தம் மெல்லக் கேட்டது. ஒரு சொட்டு திரண்டு, விழ மனசில்லாதது போலத் தொங்கி, கையில் விழுந்தது. அதை நாக்கில் வைத்துப் பார்த்தார். அவன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமி கையை மறுபடியும் குழித்து, அடுத்த சொட்டுக்கு நீட்டினார்.