பரீட்சை நாளில் வந்த அக்கா

டிரைவருக்குத் தொண்டையை ஆண்டவன் அளந்து கொடுக்கவில்லை, அள்ளிக் கொடுத்துவிட்டான். பேருந்தில் ஹாரன் மக்கர் செய்கிற நாளில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு குரல் விட்டாரென்றால் நாலு வண்டி ஒதுங்கி வழிவிடும். வீட்டிலும் அதே குரல்தான். துண்டு எங்கே என்று அவர் கேட்டால் எதிர்வீட்டில் தேடுவார்கள். அப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான் அந்தச் சனிக்கிழமை, குண்டூசி விழுந்தாலும் கேட்கிற மாதிரி வீட்டை வைத்திருக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது.

மகளுக்கு அன்று பரீட்சை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர விரும்பும் பிறநாட்டு மாணவர்களுக்கென்று நடத்தும் நுழைவுத் தேர்வு. கணக்கு, தர்க்கம், கடைசியில் ஒரு கட்டுரை என்று மொத்தம் மூன்று மணி நேரம். வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் எழுதலாம் என்று கேள்விப்பட்டபோது டிரைவர், "அட, இது சௌகரியமா இருக்கே" என்றுதான் சொன்னார். விதிமுறைகளை மகள் படித்துக் காட்டியதும் சௌகரியம் பறந்துவிட்டது. அறைக்குள் வேறு ஆள் நுழையக் கூடாது. வேறு குரல் கேட்கக் கூடாது. எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பாளர் கேமரா வழியே பார்த்துக்கொண்டே இருப்பார். சந்தேகம் வந்தால் தேர்வை அந்த நிமிடமே நிறுத்திவிடலாம். அப்புறம் அடுத்த வருஷம்தான்.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. சனிக்கிழமை லீவு என்ற பேச்சே அங்கே கிடையாது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "என்னங்க, அவ எழுதறது ஒரு பரீட்சை, நீங்க வாயை மூடிட்டு இருக்கறது ஒரு பரீட்சை. அவ பாஸ் பண்ணிடுவா. எனக்கு உங்க மேலதான் சந்தேகம்."

டிரைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. முதல் வேலையாக நாற்காலி போட்டு ஏறி, காலிங் பெல்லின் ஒயரைக் கழற்றினார். கைபேசியைச் சமையலறையில் மாவு டப்பாவுக்குள் போட்டு மூடினார். நேர்மேல் வீட்டில், மூன்றாவது மாடியில், புதிதாகக் குடிவந்தவர் திரைச்சீலைக்குக் கம்பி அடிக்கப் போவதாக யாரோ சொன்னார்கள். மேலே ஏறிப் போய் அவரிடம், "சார், ஒரு மணிக்கு மேல எவ்வளவு வேணா ஓட்டை போடுங்க, அதுக்கு முன்னாடி வேண்டாம்" என்று கேட்டு வாக்கு வாங்கினார். கட்டடத்தின் பின்புறம் ஸ்கூட்டர் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்கிடமும் போனார். "மூணு மணி நேரம் எஞ்சினை முறுக்காம எப்படிண்ணே வேலை பாக்கறது?" என்று அவன் தலையைச் சொறிந்தான். "பஞ்சர் ஒட்டு. சத்தமில்லாத வேலை" என்றார் டிரைவர்.

பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மகள் அறைக்குள் போய் உட்கார்ந்தாள். கண்காணிப்பாளர் ஒரு பெண்மணி. அறை முழுவதையும் சுற்றிக் காட்டச் சொன்னார். மகள் லேப்டாப்பைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி ஒரு சுற்றுச் சுற்றினாள். சுவரில் மாட்டிய காலண்டர் ஆகாது என்றார், கழற்றினாள். பீரோக் கண்ணாடி ஆகாது என்றார்.

"அப்பா, ஒரு போர்வை!"

டிரைவர் போர்வையைச் சுருட்டி, உடம்பு உள்ளே நுழையாமல், கதவிடுக்கு வழியாகக் கையை மட்டும் நீட்டினார். விதியை மீறவில்லையே என்று அவர் நினைப்பு. ஆனால் ஆளில்லாமல் கை ஒன்று மட்டும் கதவிடுக்கில் முளைத்ததைக் கண்டதும் அந்தப் பெண்மணி பதறிப்போனார். அது யாருடைய கை, ஆளை உடனே காட்டு என்றார். டிரைவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு கேமராவின் முன்னால் வந்து நின்று, தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் ஒன்று திரட்டி, "ஃபாதர்! ஐ கோ!" என்று முழங்கினார். கண்காணிப்பாளர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றுவது திரையில் தெரிந்தது. அதற்கப்புறம் அவர் சிரித்ததாகவும் மகள் பிற்பாடு சொன்னாள்.

கதவு சாத்தியாயிற்று. தேர்வு தொடங்கியது.

டிரைவர் பால்கனியில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்தார். பத்தே முக்கால் வரைக்கும் உலகம் அமைதியாகத்தான் இருந்தது. அப்போது கீழே ஒரு ஆட்டோ வந்து நின்றது. முதலில் ஒரு பை இறங்கியது, அப்புறம் ஒரு குடை, அதற்கப்புறம் அவருடைய அக்கா.

டிரைவர் ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டார்.

அக்கா முப்பது வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவள். குடும்பத்துத் தொண்டையில் பெரிய பங்கு மூத்தவளான அவளுக்குத்தான் போயிருந்தது. இப்போது காதும் கொஞ்சம் மந்தம். காதில் மெஷின் வைத்திருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். ஆட்டோவிலிருந்து இறங்கியவளின் காதில் அது இல்லை. வாயைத் திறந்து அவள் "தம்பீ" என்று கூப்பிடுவதற்குள் கீழே போய்விட வேண்டும் என்று டிரைவர் செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கினார். இந்த உடம்பு இரண்டு மாடியை அவ்வளவு வேகமாக இறங்கி இருபது வருஷம் ஆகியிருக்கும்.

அக்கா மூச்சை இழுத்துத் தயாராகிக்கொண்டிருந்தாள். டிரைவர் ஓடிவந்து, கையெடுத்துக் கும்பிட்டு, உதட்டில் விரலை வைத்து, பையை வாங்கிக்கொண்டு, அவள் முழங்கையைப் பிடித்துப் பின்பக்கம் ஷெட்டுக்கு இழுத்துப் போனார்.

"யாருடா போயிட்டாங்க?" என்றாள் அக்கா. அவளைப் பொறுத்தவரை அது மெல்லிய குரல். ஷெட்டில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த மெக்கானிக் துள்ளி எழுந்தான். டிரைவர் ஓடிப்போய் ஷட்டரை முக்கால்வாசி இறக்கினார்.

"மெஷின் எங்கக்கா?" என்று காதைக் காட்டிக் கேட்டார்.

"அது கொர்கொர்ருன்னுது. வர்ற வழியில ரிப்பேருக்குக் குடுத்துட்டேன். சாயங்காலம்தான் தருவான். அதுவரைக்கும் உன் வீட்ல இருக்கலாம்னு வந்தேன். ஏன், வரக் கூடாதா?"

டிரைவர் சைகையில் என்னவோ சொல்லிப் பார்த்தார். மகள் தூங்குகிறாள், உடம்பு சரியில்லை என்று நெற்றியில் கைவைத்துக் காட்டினார். அதுதான் தப்பாகப் போயிற்று. "ஐயய்யோ, ஜுரமா? நகரு, நான் பாக்கறேன்!" என்று அக்கா மாடிக்குக் கிளம்பிவிட்டாள். இனி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. மெக்கானிக்கிடம் பென்சிலை வாங்கி, வண்டி விவரம் எழுதுகிற அட்டையின் பின்பக்கத்தில் டிரைவர் எழுதினார்: 'பாப்பா பரீட்சை எழுதறா. வெளிநாட்டுல போய்ப் படிக்க. ஒரு மணி வரைக்கும் சத்தம் வரக் கூடாது.'

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் படித்தாள். ஒருமுறை படித்தாள், திரும்பவும் படித்தாள்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

அவர் ஆறு விரலைக் காட்டினார். ஆறு மாசம்.

"ஆறு மாசமாவா? போன வாரம்கூட போன்ல பேசினியேடா. மழை பெய்யுதுன்னு சொன்னே, டயர் மாத்தினேன்னு சொன்னே. இதைச் சொல்லத் தோணலையா? நான் என்ன வேத்தாளா?" குரல் நடுவில் இடறியது. கோபம் என்றால் டிரைவர் தாங்கிக்கொண்டிருப்பார். அக்காவின் கண் கலங்குவதைப் பார்த்துப் பழக்கமில்லை.

அவர் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வாயால் இதைச் சொல்லியிருக்கவே மாட்டார். எழுதுவது வேறாக இருந்தது.

நாற்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால், அக்கா பதினேழு வயதில் இதே மாதிரி ஒரு பரீட்சை எழுதினாள். தேறினால் வெளிநாட்டில் இலவசப் படிப்பு. தெரு முழுக்க அதே பேச்சு. எட்டு வயதுத் தம்பிக்கு அவள் போய்விடுவாள் என்பது மட்டும்தான் புரிந்தது. அவளுடைய பெட்டியைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்தான், காலைக் கட்டிக்கொண்டு அழுதான். ஒரு நாள் கடிதம் வந்தது. அக்கா அதைத் தனியே போய்ப் படித்தாள், கிழித்து அடுப்பில் போட்டாள். "நான் போகலை. இந்தப் பயலுகளை விட்டுட்டுப் போக மனசு வரலை" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து குடும்பத்தில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. டிரைவரும் அவருக்கு அடுத்த தம்பியும் அவள் கிழித்த கோட்டைத் தாண்டியதில்லை.

டிரைவர் எழுதினார்: 'நான் அழுததாலதான் நீ போகலை. உன் படிப்பைக் கெடுத்தவன் நான். இப்ப என் பொண்ணு போறான்னு எந்த வாயால உங்கிட்ட சொல்றது?'

அட்டையை நீட்டிவிட்டு, ஸ்கூட்டரின் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். அவள் தோள் குலுங்கியது. டிரைவர் பதறிப்போய் நிமிர்ந்து பார்த்தால், அவள் அழவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மடையா," என்றாள். "நான் ஃபெயிலுடா."

டிரைவருக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று ஒரு சந்தேகம்.

"அறுபது எடுக்கணும். எனக்கு முப்பத்தொண்ணு. கணக்குல மட்டும் நாலே நாலு மார்க்கு. தெருவே எதிர்பார்த்துட்டு நிக்குது, என்னன்னு சொல்ல? நீ காலைக் கட்டிட்டு அழுதியா, அதைப் பிடிச்சுக்கிட்டேன். நல்ல சமயத்துல அழுதேடா நீ."

"அப்ப அந்த லெட்டர்?"

அவர் கேட்டது அவள் காதில் விழவில்லை, வாயசைவில் புரிந்தது. "மார்க் போட்டிருந்துச்சே, வச்சுக்கவா முடியும்? அதான் அடுப்பு."

"நாப்பத்தி நாலு வருஷம்!" என்றார் டிரைவர். வாய்விட்டே சொல்லிவிட்டார், தன் சொந்தக் குரலில். மெக்கானிக் "அண்ணே, அண்ணே" என்று மேலே கைகாட்டினான். டிரைவர் குரலை விழுங்கிக்கொண்டு பென்சிலைப் பிடித்தார். 'என் கல்யாணத்துக்கு என்ன கலர் சட்டைன்னுகூட நீதான் முடிவு பண்ணினே. உனக்குக் கடன்பட்டவன்னு நான் வாயே திறக்கலை.'

"அந்தக் கலர் உனக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அக்கா. அப்புறம் தம்பியின் கையை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "நீ இதைச் சுமந்துட்டுத் திரிஞ்சேன்னு எனக்குத் தெரியாதுடா தம்பி. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். சத்தியமா." கொஞ்சம் யோசித்தாள். "ஒருவேளை ஒரு பத்து வருஷம் கழிச்சுச் சொல்லியிருப்பேன்."

டிரைவருக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வந்ததென்னவோ சிரிப்பு. அந்தச் சிரிப்பைச் சத்தமில்லாமல் சிரிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடம்பிலிருந்து பெரிய மூட்டை ஒன்றை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் அதைச் சுமந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இன்னும் சிரிப்பு வந்தது. அக்கா மெக்கானிக்கைப் பார்த்து, "நீ எதையும் கேக்கலை, தெரியுதா?" என்று மிரட்டினாள். "எனக்கும் காது மந்தம்மா" என்றான் அவன்.

அந்த நேரத்தில்தான் டிரில் மெஷின் அலறியது.

அக்காவுக்கு அது கேட்கவில்லை. இரண்டு ஆண்களின் முகமும் ஒரே நேரத்தில் வெளுத்ததும், தம்பி ஷட்டருக்கடியில் குனிந்து ஓடியதும்தான் தெரிந்தது. அவளும் குடையோடு பின்னால் ஓடினாள்.

மூன்றாவது மாடியில் கதவு திறந்து கிடந்தது. வாக்குக் கொடுத்தவர் வெளியே போயிருந்தார். திரைச்சீலைக் கம்பி மாட்ட வந்த ஆளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவன் ஏணியில் நின்று சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தான். டிரைவர் கீழே நின்று கையை ஆட்டினார், கும்பிட்டார், பேனாவால் எழுதுவதைப் போல நடித்துக் காட்டினார். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் எதுவும் எடுபடவில்லை. கத்தினால் மகளுக்குக் கேட்கும், கத்தாவிட்டால் இவனுக்குக் கேட்காது.

அக்கா மூச்சு வாங்க உள்ளே வந்தாள். மெஷினைப் பார்த்தாள். அதிலிருந்து வந்த ஒயரைக் கண்ணாலேயே தொடர்ந்தாள். அறை நடுவில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். நேராகப் போய்ப் பிளக்கைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, பாக்ஸைத் தன் சேலைக்கடியில் தள்ளிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"யாரும்மா நீங்க? பிளக்கைக் குடுங்க, எனக்கு இன்னும் ரெண்டு வீடு போகணும்" என்றான் ஏணிக்காரன்.

"என்னப்பா?" என்றாள் அக்கா.

"பிளக்கு! பிளக்கு!"

"ஆமாப்பா, நல்லா இருக்கேன்."

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பதை அவன் அன்று நேரில் பார்த்தான். கால் மணி நேரம் கெஞ்சினான். அக்கா ஒவ்வொன்றுக்கும் அன்பாகத் தலையசைத்தாள், அவன் குழந்தைகளைப் பற்றி விசாரித்தாள், பதிலைக் கேட்காமலே சந்தோஷப்பட்டாள். டிரைவர் மெதுவாக அவனை வராந்தாவுக்கு அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னதும் அவன் ஏணியை மடக்கிவிட்டான். "இதை முதல்லயே சொல்லக் கூடாதா சார்? என் தங்கச்சியும் படிச்சிட்டுதான் இருக்கா" என்றான். ஆனாலும் அக்கா ஒரு மணிவரை இடத்தைவிட்டு அசையவில்லை. யாரையும் நம்ப முடியாது என்றாள்.

ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கு மகள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். முகம் சிவந்து, முடி கலைந்து, கடித்துக் கடித்துப் பேனா மூடி உடைந்திருந்தது. கூடத்தில் அப்பா, அத்தை, மெக்கானிக், முன்பின் தெரியாத ஒரு ஏணிக்காரர் என்று நாலு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"என்னாச்சு பாப்பா?" என்றார் டிரைவர். மூன்று மணி நேரம் அடக்கிவைத்த குரல் ஒரேயடியாக வெளியே வந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"கணக்கு பரவாயில்லப்பா. தர்க்கத்துல ரெண்டு விட்டுட்டேன். நடுவுல மேல டிரில் சத்தம் கேட்டுச்சா, அந்தம்மா எழுத்தை நிறுத்தச் சொல்லிட்டாங்க. மேல் வீட்டுச் சத்தம்னு சொன்னேன். ரெண்டு நிமிஷம் பாக்கறேன், நிக்கலைன்னா ரத்துன்னாங்க. எனக்கு உயிரே போச்சு. அப்புறம் டக்குனு நின்னுடுச்சு. யாருப்பா நிறுத்தினது?"

மூன்று ஆண்களும் அக்காவைக் காட்டினார்கள். அவளுக்கு என்ன பேச்சு என்று விளங்கவில்லை. "என்ன, பாஸா?" என்று கேட்டாள்.

பதினெட்டு நாள் கழித்துத்தான் அது தெரிந்தது. டிரைவர் பகல் ட்ரிப்பில் இருந்தார். கடைசி நிறுத்தத்தில் வண்டியை ஓரங்கட்டி, கைபேசியைப் பார்த்தால் மகளிடமிருந்து பதினோரு அழைப்பு. கூப்பிட்டார். கேட்டார். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். கண்டக்டர் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தான்.

அடுத்த அழைப்பு அக்காவுக்கு. காது மெஷின் இப்போது சரியாக இருந்தது.

"எத்தனை?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"சராசரி எழுபத்தாறு. அறுபத்தெட்டு போதும்."

பதில் இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று டிரைவர் இரண்டு தரம் "அக்கா, அக்கா" என்றார். அக்கா பேசாமல் இருந்து அவர் பார்த்ததே இல்லை.

"கணக்குல?" என்று கேட்டாள் கடைசியில், அவருக்கே கேட்காத மாதிரி சின்னக் குரலில்.

"தொண்ணூத்தொண்ணு அக்கா."

அக்கா ஒரு பெருமூச்சு விட்டாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. அந்த ஊரில் குளிர் எப்படி, தங்கப்போகும் விடுதி கல்லூரிக்கு எவ்வளவு தூரம், ஆகஸ்ட்டா செப்டம்பரா என்று கேட்டுக்கொண்டே போனாள். டிரைவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாததையெல்லாம் தெரியாது என்று சொன்னார். "நாளைக்கே வர்றேன், பாப்பாகிட்டயே கேட்டுக்கறேன்" என்றாள் அக்கா.

கண்டக்டர் விசில் ஊதினான். வண்டி ஏற்கெனவே ஏழு நிமிடம் தாமதம். டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார்.